படுக்கை மருந்தா? பகையா?

இடுப்பு பிடித்துக்கொண்டால் படுக்க வேண்டுமா? நடக்க வேண்டுமா? இந்தக் கேள்விக்கு டாக்டர்கள் வாதம் செய்து விடை காணவில்லை. அளந்து பார்த்து விடை கண்டார்கள். அந்த விடை, பழைய நம்பிக்கை ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துவிட்டது!

காலை நேரம். வீட்டுக்காரர் அரிசி மூட்டையைத் தூக்குவதற்காகக் குனிகிறார். "சுரீர்" என்று இடுப்பில் ஒரு வலி. குனிந்தவரால் நிமிர முடியவில்லை. "ஐயோ, அம்மா!" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

வீட்டில் உள்ளவர்கள் எல்லோரும் ஓடி வருகிறார்கள்.

"அசையாதீர்கள்! அப்படியே படுத்துக்கொள்ளுங்கள்!" என்கிறாள் மனைவி.

"ஒரு வாரத்துக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது, தம்பி!" என்கிறார் பக்கத்து வீட்டுப் பெரியவர்.

"எனக்கும் இப்படித்தான் வந்தது, மாப்பிள்ளை! பத்து நாள் படுத்தேன். வலி பறந்துவிட்டது!" என்கிறார் மாமனார்.

எல்லோரும் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அவர் தினக் கூலிக்கு வேலை செய்கிறவர். ஒரு வாரம் படுத்தால் ஒரு வாரக் கூலி போய்விடும். வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே!

படுத்தால்தான் குணமாகும் என்றால், கூலி போனாலும் போகட்டும் என்று படுக்கலாம். ஆனால், படுத்திருப்பதே குணமாவதைத் தாமதப்படுத்துகிறது என்றால்?

நூறு ஆண்டு நம்பிக்கை

"வலித்தால் படு" என்பது மாமனார் மட்டும் சொன்ன யோசனை அல்ல. பெரிய பெரிய டாக்டர்களே அப்படித்தான் சொல்லி வந்தார்கள்.

லண்டன் நகரத்தில் ஜான் ஹில்டன் என்று ஓர் அறுவைச் சிகிச்சை டாக்டர் இருந்தார். ஓய்வைப் பற்றியும் வலியைப் பற்றியும் அவர் செய்த சொற்பொழிவுகள், 1863-ம் ஆண்டில் புத்தகமாக வந்தன. ஓய்வு கொடுத்தால் உடம்பு தன்னைத் தானே சரிப்படுத்திக்கொள்ளும் என்பது அவருடைய கொள்கை. அந்தப் புத்தகம் மிகவும் பேர் பெற்றது.

அவர் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. எலும்பு முறிந்தால், அந்த இடத்தை அசையாமல் வைக்கத்தான் வேண்டும். ஆனால் காலப்போக்கில், எந்த நோய்க்கும் படுக்கைதான் மருந்து என்று ஆகிவிட்டது. இடுப்பு வலியா? படு! பிரசவமா? படு! மாரடைப்பா? வாரக் கணக்கில் படு!

1947-ம் ஆண்டில் ரிச்சர்ட் ஆஷர் என்ற இங்கிலாந்து டாக்டர் எச்சரிக்கை மணி அடித்தார். படுக்கையில் கிடப்பதால் வரும் ஆபத்துகளை ஒவ்வொன்றாக எடுத்து எழுதினார். கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும், தசை மெலியும், மூட்டு இறுகும், முதுகில் புண் வரும், மனமும் சோர்ந்துபோகும் என்றார்.

அவர் சொன்னதைப் பலர் படித்தார்கள். ஆனாலும் பழக்கம் சீக்கிரம் போகுமா? போகவில்லை!

படுத்துக் கிடந்த 5 வாலிபர்கள்

1966-ம் ஆண்டு. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸ் என்ற நகரம். அங்கே ஒரு வேடிக்கையான சோதனை நடந்தது.

இருபது வயதை ஒட்டிய 5 வாலிபர்கள். ஐவருக்கும் எந்த நோயும் இல்லை. "நீங்கள் 3 வாரம் படுக்கையில் படுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை" என்றார்கள்.

"இது என்ன பிரமாதம்!" என்றுதானே நமக்குத் தோன்றும்? 3 வாரம் கழித்து அவர்களைச் சோதித்தபோது டாக்டர்களே திகைத்துப்போனார்கள்.

உடம்பு கடுமையாக உழைக்கும்போது, அதிக அளவாக எவ்வளவு பிராணவாயுவை உபயோகிக்க முடியும் என்பதைக் கருவியால் அளக்கலாம். அதுதான் உழைக்கும் சக்திக்கு அளவுகோல். அந்தச் சக்தி நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது!

பிறகு சுமார் 8 வாரம் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். இழந்த சக்தி திரும்பி வந்தது.

கதை அதோடு முடியவில்லை. 30 ஆண்டுகள் சென்றன. அதே 5 பேரையும் 1996-ம் ஆண்டில் மறுபடியும் அழைத்துச் சோதித்தார்கள். இப்போது அவர்களுக்கு வயது 50.  உடம்பு பருத்துவிட்டது.

ஆனாலும் என்ன ஆச்சரியம்! 30 ஆண்டு முதுமை அவர்களிடமிருந்து பறித்த சக்தியைவிட, வாலிப வயதில் 3 வாரப் படுக்கை பறித்த சக்திதான் அதிகம்!

காக்கையும் பனம்பழமும்

இதைப் படித்ததும் ஒரு கேள்வி எழலாம். "அந்த வாலிபர்களுக்கு நோய் இல்லை. நோய் உள்ளவனுக்குப் படுக்கை நல்லதாக இருக்கலாம் அல்லவா? மாமனார் பத்து நாள் படுத்துத்தானே குணமானார்?"

நியாயமான கேள்விதான்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். காக்கை உட்கார்ந்தது. பழம் விழுந்தது. காக்கைதான் பழத்தைத் தள்ளியதா? பழுத்த பழம் தானாகவே விழுந்திருக்கலாம் அல்லவா?

திடீரென்று வரும் இடுப்பு வலியும் பெரும்பாலும் பழுத்த பழம் போன்றதுதான். அநேகம் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே குறைந்துவிடும். பத்து நாள் படுத்திருந்தாலும் குறையும். பத்து நாள் நடமாடினாலும் குறையும். தைலம் தடவினாலும் குறையும். தடவாவிட்டாலும் குறையும்!

படுத்தவர், "படுக்கை குணமாக்கியது" என்பார். தைலம் தடவியவர், "தைலம் குணமாக்கியது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால், படுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது.

அதைத் தெரிந்துகொள்ள என்ன வழி?

சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள்

வழி இருக்கிறது. ஒரே மாதிரி நோய் உள்ள பலரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். சீட்டுக் குலுக்கிப் போடுவது போல, அவர்களை இரண்டு கட்சியாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்சிக்கு ஒரு சிகிச்சை. மறு கட்சிக்கு வேறு சிகிச்சை. சில வாரம் கழித்து இரு கட்சியையும் ஒரே அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்.

சீட்டுப் போடுவது எதற்காக? டாக்டரே ஆளைப் பார்த்துப் பிரித்தால், திடமானவர்களை ஒரு பக்கமும் நலிந்தவர்களை ஒரு பக்கமும் தம்மை அறியாமலே சேர்த்துவிடுவார். சீட்டுக்கு முகதாட்சணியம் கிடையாது!

1986-ம் ஆண்டில் அமெரிக்க டாக்டர்கள் இடுப்பு வலிக்காரர்கள் 203 பேரை இப்படிப் பிரித்தார்கள். ஒரு கட்சிக்கு, "2 நாள் படுங்கள்" என்றார்கள். மறு கட்சிக்கு, "7 நாள் படுங்கள்" என்றார்கள்.

முடிவு என்ன? 7 நாள் படுக்கச் சொன்னவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்துவிடவில்லை. அவர்கள் சீக்கிரம் குணமாகவும் இல்லை. இரு கட்சிக்கும் கண்ட ஒரே வித்தியாசம், வேலைக்குப் போகாத நாள் கணக்கில்தான்.

2 நாள் கட்சி சராசரியாக 3.1 நாள் வேலையை இழந்தது. 7 நாள் கட்சி 5.6 நாள் இழந்தது. அதிகப் படுக்கையினால் கிடைத்த லாபம் ஒன்றும் இல்லை. கூலி நஷ்டம்தான் மிச்சம்!

படுக்கவே இல்லாவிட்டால்?

"2 நாள் போதும் என்றால், அந்த 2 நாளாவது தேவையா?" இப்படி ஒரு கேள்வியைப் பின்லாந்து நாட்டு டாக்டர்கள் கேட்டார்கள். ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள குளிர் நாடு அது. அதன் தலைநகரம் ஹெல்சிங்கி.

ஹெல்சிங்கி நகரசபையில் வேலை பார்ப்பவர்களில், இடுப்பு வலி என்று வந்த 186 பேரை மூன்று கட்சியாகப் பிரித்தார்கள்.

முதல் கட்சியில் 67 பேர். அவர்களுக்கு 2 நாள் படுக்கை.

இரண்டாம் கட்சியில் 52 பேர். அவர்களுக்கு முதுகை வளைக்கும் தேகப்பயிற்சி.

மூன்றாம் கட்சியில் 67 பேர். அவர்களுக்குப் படுக்கையும் இல்லை, பயிற்சியும் இல்லை. "வலி பொறுக்கும் அளவுக்கு உங்கள் வழக்கமான வேலைகளைச் செய்துகொண்டிருங்கள்" என்று மட்டும் சொன்னார்கள்.

3 வாரம் கழித்து அளந்தார்கள். 12 வாரம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். இரண்டு தடவையும் முன்னால் நின்றவர்கள் யார் தெரியுமா? வழக்கம் போல் நடமாடிய மூன்றாம் கட்சிக்காரர்கள்தான்!

எல்லோரையும்விட மெதுவாகக் குணமானவர்கள் யார்? படுக்கையில் படுத்தவர்கள்!

1995-ம் ஆண்டில் இந்த முடிவு வெளிவந்தது. பிறகு பல நாடுகளில் டாக்டர்களுக்கான வழிகாட்டிக் குறிப்புகளே மாறிவிட்டன. "படுத்துக்கொள்" என்ற யோசனை போய், "முடிந்த வரை நடமாடு" என்ற யோசனை வந்தது.

வலியை எப்படி அளப்பது?

"துணியை முழம் போட்டு அளக்கலாம். அரிசியைப் படி போட்டு அளக்கலாம். குணமாவதை எப்படி அளப்பது?" என்று நீங்கள் கேட்கலாம்.

இங்கிலாந்தில் ஆஸ்வெஸ்ட்ரி என்று ஓர் ஊர் இருக்கிறது. எலும்பு வைத்தியத்துக்குப் பேர் போன ஊர். அந்த ஊர்ப் பேரால் 1980-ம் ஆண்டில் ஒரு கேள்வித் தாள் வெளிவந்தது. ஹெல்சிங்கி டாக்டர்களும் அதைத்தான் உபயோகித்தார்கள்.

அதில் 10 பகுதிகள் இருக்கின்றன. வலி எவ்வளவு இருக்கிறது? தானே குளித்து உடை உடுத்த முடிகிறதா? பாரம் தூக்க முடிகிறதா? எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது? எவ்வளவு நேரம் உட்கார முடிகிறது? நிற்க முடிகிறது? தூக்கம் வருகிறதா? பயணம் செய்ய முடிகிறதா? இப்படிக் கேள்விகள் போகும்.

ஒவ்வொரு பகுதிக்கும் 0 முதல் 5 வரை மார்க்கு. கஷ்டம் இல்லை என்றால் 0. கஷ்டம் மிக அதிகம் என்றால் 5. மொத்தம் 50. அதை இரண்டால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று தெரியும்.

பள்ளிக்கூடத்தில் மார்க்கு கூடினால் சந்தோஷம். இங்கே மார்க்கு குறைந்தால்தான் சந்தோஷம்! முதல் நாள் 60 இருந்தது, மூன்று வாரத்தில் 20 ஆனது என்றால், சிகிச்சை செல்லும் பாதை சரி. 60 இருந்தது 60 ஆகவே நின்றால், "வேறு வழி பார்க்க வேண்டும்" என்று அர்த்தம்.

இந்த அளவுகோலில் ஒரு விசேஷம் உண்டு. அது எலும்பை அளக்கவில்லை; தசையை அளக்கவில்லை. ஒரு மனிதனுடைய அன்றாட வாழ்க்கையை அளக்கிறது! நோயாளிக்கு வேண்டியதும் அதுதானே?

பயிற்சி வேண்டாமா?

"பின்லாந்தில் பயிற்சி செய்தவர்களும் பின்தங்கிவிட்டார்களே! அப்படியானால் பயிற்சியே வேண்டாமா?" அப்படி நினைத்துவிடக் கூடாது.

பின்லாந்தில் சோதித்தது, புதிதாக வந்த வலியை. ரணமாக இருக்கும்போது உடம்பை வளைத்து வதைக்க வேண்டாம் என்பதுதான் அந்தப் பாடம். 3 மாதத்துக்கு மேல் நீடித்த பழைய வலி வேறு. அதற்குப் பயிற்சி உதவுகிறது. 2021-ம் ஆண்டில், இதைப் பற்றி நடந்த 249 சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். பயிற்சி செய்தவர்களுக்கு, சிகிச்சை இல்லாதவர்களைவிட வலி குறைந்திருந்தது.

உடற்பயிற்சி முதலிய முறைகளால், மருந்தும் கத்தியும் இல்லாமல் உடம்பை மீண்டும் இயங்க வைக்கும் வைத்தியத்துக்கு பிசியோதெரபி என்று பேர். எந்த வலிக்கு, எப்போது, எவ்வளவு பயிற்சி என்று சொல்வது பிசியோதெரபி நிபுணரின் வேலை.

இது இருந்தால் ஓடுங்கள்!

இடுப்பு வலி என்றால் எல்லாம் சாதாரண வலி என்று அசட்டையாக இருந்துவிடக் கூடாது. சில அறிகுறிகள் ஆபத்தானவை.

சிறுநீரையோ மலத்தையோ அடக்க முடியவில்லையா? சிறுநீர் போகவில்லையா? இரு தொடைகளுக்கும் நடுவே மரத்துப்போய்விட்டதா? காலில் பலம் குறைந்துகொண்டே வருகிறதா? ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வலியோடு காய்ச்சல் வந்தாலும், காரணம் இல்லாமல் உடம்பு இளைத்தாலும், முன்பு புற்றுநோய் வந்தவராக இருந்தாலும், கீழே விழுந்து அடிபட்ட பிறகு வலி வந்தாலும் டாக்டரைப் பார்த்தே தீர வேண்டும்.

சீக்கிரம் எழுப்பினால் இன்னும் நல்லதா?

படுக்கை கெடுதல் என்று தெரிந்துவிட்டது. உடனே சிலர் மறு கோடிக்குப் போனார்கள். "எந்த நோயாளியையும் எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது" என்று எண்ணினார்கள்.

இதையும் அளந்து பார்க்க வேண்டாமா?

மூளையில் ரத்தக் குழாய் அடைபட்டாலோ, வெடித்தாலோ பக்கவாதம் வருகிறது. கை, கால் விழுந்துவிடுகிறது. வாய் குழறுகிறது. அந்த நோயாளியைப் படுக்கையிலிருந்து எப்போது எழுப்புவது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ஜூலி பெர்ன்ஹார்ட் என்ற பிசியோதெரபி நிபுணர் இந்தச் சோதனைக்குத் தலைமை தாங்கினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, மலேசியா, சிங்கப்பூர், பிரிட்டன் ஆகிய 5 நாடுகள். 56 ஆஸ்பத்திரிகள். 2,104 நோயாளிகள்! 2006 முதல் 2014 வரை சோதனை நடந்தது.

ஒரு கட்சிக்கு வழக்கமான கவனிப்பு. மறு கட்சியை 24 மணி நேரத்துக்குள் எழுப்பி உட்கார வைத்தார்கள், நிற்க வைத்தார்கள், நடக்க வைத்தார்கள். அடிக்கடி செய்தார்கள், அதிக நேரமும் செய்தார்கள்.

3 மாதம் கழித்து, தமக்கு வேண்டியதைத் தாமே பார்த்துக்கொள்ளும் நிலையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று அளந்தார்கள். அளந்தவருக்கு, யார் எந்தக் கட்சி என்பது தெரியாது. தெரிந்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும் அல்லவா? தேர்வுத் தாளில் பேரை மறைப்பது போலத்தான் இது.

சீக்கிரமாகவும் அதிகமாகவும் எழுப்பிய கட்சிதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஆனால் நடந்தது வேறு! அந்தக் கட்சியில் நூற்றுக்கு 46 பேர் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான கவனிப்புக் கட்சியில் நூற்றுக்கு 50 பேர்!

2015-ம் ஆண்டில் இந்த முடிவை மறைக்காமல் வெளியிட்டார்கள். தம் எண்ணம் தவறாகப் போனதையும் ஒளிக்காமல் சொல்வதுதான் விஞ்ஞானத்தின் பெருமை.

பக்கவாதக்காரரைப் படுக்கையிலேயே போட்டு வைக்கலாம் என்று இதற்கு அர்த்தம் அல்ல. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்கள் முதல் 24 மணி நேரத்துக்குள் எழுந்தவர்கள்தான். எழுப்ப வேண்டும். ஆனால் முதல் நாளிலேயே அளவுக்கு மீறி வருத்தக் கூடாது. அமிர்தமும் அளவோடுதான்!

நம் நாட்டில் ஒரு சோதனை

நம் இந்தியாவிலும் இப்படி ஒரு பெரிய சோதனை நடந்தது. அது ஒவ்வொரு குடும்பத்தின் நெஞ்சையும் தொடும் விஷயம்.

பக்கவாதம் வந்த எல்லோருக்கும் பிசியோதெரபி கிடைப்பதில்லை. கிராமத்தில் நிபுணர் இல்லை. பட்டணத்துக்குப் போகப் பணம் இல்லை. "வீட்டில் உள்ள மகனுக்கோ, மகளுக்கோ, மனைவிக்கோ பயிற்சி முறைகளைக் கற்றுக் கொடுத்தால் என்ன? அவர்களே வீட்டில் செய்யட்டுமே!" என்று டாக்டர்கள் யோசித்தார்கள். அருமையான யோசனை!

14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகள் இதில் சேர்ந்தார்கள். 2014-ம் ஆண்டில் சோதனை தொடங்கியது. ஒரு கட்சிக்கு வழக்கமான கவனிப்பு. மறு கட்சிக்கு, அதோடு கூட, குடும்பத்தாருக்குப் பயிற்சி.

6 மாதம் கழித்துக் கணக்கெடுத்தார்கள். இறந்தவர்களும், பிறர் உதவியை நம்பி வாழ்பவர்களும் எத்தனை பேர்? குடும்பத்தார் பயிற்சி பெற்ற கட்சியில் நூற்றுக்கு 47 பேர். பயிற்சி பெறாத கட்சியிலும் நூற்றுக்கு 47 பேர்! வித்தியாசமே இல்லை.

2017-ம் ஆண்டில் இந்த முடிவு வெளியாயிற்று. படிக்கும்போது மனம் சோர்கிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள். அளக்காமலே இந்தத் திட்டத்தை நாடு முழுவதும் நடத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எத்தனையோ தாய்மார்கள், "நான் சரியாகச் செய்யவில்லை. அதனால்தான் என் வீட்டுக்காரர் எழுந்து நடக்கவில்லை" என்று தங்களையே நொந்துகொண்டிருப்பார்கள்!

குடும்பத்தாரின் கவனிப்பு வீண் என்று இதற்கு அர்த்தம் அல்ல. வேளைக்குச் சோறு கொடுப்பதும், புண் வராமல் புரட்டிப் படுக்க வைப்பதும், தைரியம் சொல்வதும் அவர்கள்தானே? நிபுணர் செய்ய வேண்டிய வேலையையும் குடும்பத்தின் தலையில் வைத்துவிட்டால் போதாது என்பதுதான் இதில் உள்ள பாடம்.

வீட்டிலேயே ஓர் அளவு

பெரிய கருவி இல்லாமலே அளக்கும் முறைகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று, 1991-ம் ஆண்டில் கனடா நாட்டிலிருந்து வெளிவந்தது. அதற்கு ஒரு நாற்காலியும் ஒரு கடிகாரமும் போதும்.

நாற்காலியிலிருந்து 3 மீட்டர் தூரத்தில் தரையில் ஒரு கோடு போடுங்கள். வயதானவரை நாற்காலியில் உட்கார வையுங்கள். "எழுந்து, வழக்கம் போல் நடந்து, கோடு வரை போய், திரும்பி வந்து உட்காருங்கள்" என்று சொல்லுங்கள். எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். அவர் விழுந்துவிடாதபடி பக்கத்திலேயே ஒருவர் நிற்க வேண்டியது அவசியம்.

12 விநாடியோ, அதற்கு மேலோ ஆனால், அவர் கீழே விழக்கூடியவர் என்று எச்சரிக்கையாக இருக்க வேண்டும். டாக்டரிடம் சொல்ல வேண்டும். பயிற்சி தொடங்கிச் சில வாரம் கழித்து மறுபடியும் பாருங்கள். முன்பு 20 விநாடி ஆயிற்று, இப்போது 14 விநாடி ஆகிறது என்றால், யாரும் சொல்லாமலே உங்களுக்குப் பலன் தெரிந்துவிடும்.

பக்கவாதக்காரர்களுக்கு வேறு ஓர் அளவுகோல் இருக்கிறது. அமெரிக்காவில் மஹோனி, பார்த்தெல் என்ற இரு பெண்மணிகள் 1965-ம் ஆண்டில் அதை வெளியிட்டார்கள். சாப்பிடுவது, குளிப்பது, உடை உடுத்துவது, கழிவறைக்குப் போவது, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது, நடப்பது, படி ஏறுவது முதலான 10 காரியங்கள். மொத்தம் 100 மார்க்கு. இதில் மார்க்கு கூடினால்தான் நல்லது. உலகம் முழுவதும் இன்றும் இது உபயோகத்தில் இருக்கிறது.

கேட்க வேண்டிய கேள்விகள்

பிசியோதெரபிக்குப் போகும்போது வெறுமனே தலையை ஆட்டிவிட்டு வர வேண்டாம். மரியாதையோடு சில கேள்விகள் கேளுங்கள்.

"இந்தச் சிகிச்சை பலன் தரும் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்களா?"

"இன்று இவருடைய அளவு என்ன? எதை வைத்து அளந்தீர்கள்?"

"எத்தனை வாரம் கழித்து மறுபடியும் அளப்பீர்கள்? அளவு மாறாவிட்டால் என்ன செய்வீர்கள்?"

"வீட்டில் நாங்கள் என்ன செய்ய வேண்டும்? என்ன செய்யக் கூடாது?"

நல்ல நிபுணர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்பட மாட்டார். சந்தோஷப்படுவார். முதல் நாள் அளவை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அந்த நோட்டு பத்திரமாக இருக்கட்டும். மாதக் கணக்கில் பணம் கட்டியும் அளவு அசையவில்லை என்றால், அந்த நோட்டே உங்களுக்குச் சொல்லிவிடும்.

அரிசி மூட்டையைத் தூக்கப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டவரை நாம் சுவர் ஓரத்தில் நிறுத்திவிட்டு வந்துவிட்டோம். அவர் என்ன செய்ய வேண்டும்?

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லை என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வலி மிகவும் கடுமையாக இருந்தால் கொஞ்ச நேரம் சாயலாம். பிறகு மெல்ல எழுந்திருக்க வேண்டும். வீட்டுக்குள்ளேயே நாலு நடை நடக்க வேண்டும். பாரம் தூக்குவதைச் சில நாள் நிறுத்தி வைத்து, இலேசான வேலைகளைச் செய்ய வேண்டும். நாளுக்கு நாள் வேலையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வலி குறையாவிட்டால் டாக்டரிடம் போக வேண்டும்.

மாமனார் மறுபடியும், "படுத்துக்கொள்ளுங்கள், மாப்பிள்ளை!" என்பார். அவரிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் உட்கார வைத்து, டல்லாஸ் நகரத்து 5 வாலிபர்களின் கதையைச் சொல்லுங்கள். கேட்டு முடித்ததும், "அப்படியா சங்கதி! வாருங்கள், இரண்டு பேருமாகத் தெருக் கோடி வரை நடந்துவிட்டு வருவோம்!" என்று அவரே கையைப் பிடித்து அழைத்தாலும் அழைப்பார்!